ஆச்சியின் ஒரு பிடி எத்தனை கிராம்?

சென்னையில் என் வீட்டு அடுப்பில் முதல்முறையாக உளுந்தங்களி கிண்டியது 2016 தை மாதத்தில். அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டு ஆச்சியிடம் கேட்டு எழுதிய குறிப்பு பக்கத்தில் இருந்தது. "கருப்பு உளுந்து ஒரு உழக்கு. பச்சரிசி ஒரு பிடி. கருப்பட்டி இனிப்புக்குத் தக்கன. நல்லெண்ணெய் தாராளமா. கட்டி விழாமக் கிண்டணும்." சொன்னது சொன்னபடிதான் செய்தேன். சட்டியில் வந்தது களி இல்லை, பசை. துடுப்பை விட்டு வரவில்லை. வாயில் வைத்தால் பச்சை மாவு வாடை. எட்டு வயது மகள் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதைத்தான் ஆச்சி உனக்குத் தந்தாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுபடி போன் போட்டேன்.

"உளுந்தை வறுத்தியா?"

"வறுக்கணும்னு சொல்லவே இல்லையே ஆச்சி."

"வறுக்காம யாருட்டி களி கிண்டுவா? அதையுமா சொல்லணும்?"

அறுபது வருஷம் ஒரு வேலையைச் செய்த கைக்கு எது முக்கியமோ அதுதான் வாயில் வராது. மூச்சு விடுவதை யாராவது படிப்படியாகச் சொல்வார்களா? கேட்டு எழுதினால் சமையல் கிடைக்காது, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று அன்றைக்கு விளங்கியது. அடுத்த நாலு வருஷம், லீவு கிடைத்தபோதெல்லாம் ஊருக்குப் போனேன். இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. 43 சமையல் குறிப்புகள், அவற்றோடு பின்னிக் கிடக்கிற வீட்டுக் கதைகள். அதை எழுதியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு ஆச்சியோ பாட்டியோ அப்பத்தாவோ இருந்தால், இந்த வருஷமே ஆரம்பித்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் அளவு. ஆச்சியின் அளவெல்லாம் உழக்கு, பிடி, கண்ணளவு. உழக்கு சுலபம். அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளை உழக்கு ஒன்று இருந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல். அதில் தண்ணீரை நிறைத்து டிஜிட்டல் தராசில் நிறுத்தேன். பாத்திரம் போக 335 கிராம், அதாவது 335 மில்லி. இந்தப் பழைய அளவுகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், பொதுவான கணக்கை நம்பாமல் உங்கள் வீட்டுப் பாத்திரத்தையே அளந்து பாருங்கள். வாய்ப்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு நாழி என்று இருக்கும். ஆனால் உங்கள் பாட்டி சமைத்தது வாய்ப்பாட்டில் இல்லை, அந்தப் பாத்திரத்தில்.

பிடி அப்படியில்லை. "ஒரு பிடி அரிசி எடுங்க ஆச்சி, நிறுத்துப் பார்க்கிறேன்" என்று கேட்டபோது, எனக்காக எடுப்பதால் கை கூடுதலாகவே அள்ளியது. அதனால் அதைக் கேட்பதை விட்டேன். அவள் வேலையாக இருக்கும்போது, அரிசி பாத்திரத்தில் விழுவதற்கு முன்னால் தராசுத் தட்டை நடுவில் நீட்டினேன். "இதென்ன நகைக்கடையா?" என்று இரண்டு நாள் திட்டினாள், அப்புறம் பழகிவிட்டது. ஐந்து தடவை நிறுத்தேன்: 31, 33, 32, 32, 31. ஐந்தையும் எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கிப்போன சின்னக் கை. மோதிர விரல் லேசாக வளைந்திருக்கும். அந்தக் கை இரண்டு கிராமுக்கு மேல் பிசகவில்லை. நான் அள்ளினால் 46. நான் "ஒரு பிடி" என்று எழுதியிருந்தால் என் மகள் தன் பிடியைப் போட்டிருப்பாள், ஆச்சியின் களி அங்கேயே போயிருக்கும்.

அதனால் நோட்டில் இரண்டையும் எழுதுகிறேன். "ஒரு பிடி (ஆச்சி கை, 32 கிராம்)." பிடியை எடுத்துவிட்டுக் கிராமை மட்டும் எழுதினால் அவள் பேச்சு போய்விடும். பிடியை மட்டும் எழுதினால் ருசி போய்விடும்.

அடுத்தது கேள்வி. "இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டால் பட்டியல் வரும். "இதைக் கடைசியா யாருக்குச் செஞ்சீங்க?" என்று கேட்டால் கதை வரும், சமையலும் பின்னாலேயே வரும். களியில் அரிசி ஏன் ஒரு பிடியோடு நிற்கிறது, மற்ற வீடுகளில் உளுந்துக்குக் கால் பங்கு போடுகிறார்களே என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அதை நேராகக் கேட்டபோது, "நம்ம வீட்டுல அப்படித்தான்" என்றாள். யாருக்கு முதலில் கிண்டினீர்கள் என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆச்சி கல்யாணமாகி வந்த சில வருஷங்களில் தாத்தாவின் கடைசித் தங்கை சமைந்தாள். வருஷம் கேட்டால் ஆச்சிக்குத் தெரியாது. "ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னு சொன்னாங்கள்லா, அந்த எலெக்சனுக்கு முந்தின வருஷம்" என்றாள். அந்தத் தேர்தல் 1967இல், அப்படியானால் இது 1966. அரிசி கிடைக்காமல் சனங்கள் அல்லாடிய காலம். வீட்டில் இருந்த பச்சரிசி மறுநாள் பொங்கிப் போடவே காணாது. வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பதினாறு நாள் களி கொடுக்க வேண்டும், அரிசி இல்லை. ஆச்சி பானையை வழித்து ஒரு பிடி மட்டும் எடுத்தாள். அரிசி குறைந்தால் உளுந்து கையில் இழுக்கும், பிசுபிசுவென்று ஒட்டும். அதற்கு நல்லெண்ணெயைக் கூட்டினாள். எள் தாத்தா வயலில் விளைந்தது, அதற்குப் பஞ்சமில்லை. தின்ற பிள்ளை, "மதினி, எப்பவும் இப்படியே கிண்டு" என்றாளாம். பஞ்சம் போய்விட்டது, அளவு நின்றுவிட்டது.

அந்த ஒரு பிடிக்குள் 1966 இருக்கிறது. இது தெரியாமல் குறிப்பை மட்டும் எழுதியிருந்தால், அரிசி குறைவாக இருக்கிறதே என்று யாராவது "சரி" செய்திருப்பார்கள்.

வருஷம் கண்டுபிடிக்க இது நல்ல வழி. ஊரே பார்த்த ஒன்றோடு சேர்த்துக் கேட்க வேண்டும். மணிமுத்தாறு அணைக்கட்டு வேலை நடந்தபோதா, முடிந்த பிறகா? தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா? தாமிரபரணியில் 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பெரிய வெண்கல உருளி அந்த வெள்ளத்தில்தான் போனது. ஆகவே உருளியில் செய்த பண்டம் எல்லாம் 1992க்கு முந்தியது, இரும்புச் சட்டிக்கு மாறியது பிந்தியது. வெண்கலத்தில் கிண்டியதற்கும் இரும்பில் கிண்டியதற்கும் தீயின் அளவு வேறு. குறிப்பில் பாத்திரத்தையும் எழுதுங்கள்.

சரி, களியை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். தோலோடு கருப்பு உளுந்து ஒரு உழக்கு, 270 கிராம். சிறு தீயில் வாசம் வந்து, கடித்தால் மொறுக்கென்று உடையும் வரை வறுக்க வேண்டும். தோல் கருப்பாக இருப்பதால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, மூக்கும் பல்லும்தான் சாட்சி. பச்சரிசி 32 கிராம், அதைத் தனியாக லேசாக வறுத்தால் போதும். இரண்டையும் ஒரு சின்னச் சுக்குத் துண்டோடு நைசாகத் திரித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். கருப்பட்டி 400 கிராம், ஒரு உழக்குத் தண்ணீரில் கரைய விட்டு வடிகட்ட வேண்டும். மண் இருக்கும், வடிகட்டாமல் விடக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையப் புழங்குகிறது. ஒரு துணுக்கு வாயில் போட்டால் இனிப்புக்கு அடியில் லேசான உப்புக் கரிப்பு தட்டும், அதைத்தான் ஆச்சி தேடுவாள். வெறும் இனிப்பாக இருந்தால் வாங்க மாட்டாள்.

மாவை இன்னும் மூன்று உழக்குப் பச்சைத் தண்ணீரில் கையால் கரைக்க வேண்டும். அடுப்பில் வைப்பதற்கு முன்பே கட்டி இல்லாமல் ஆகிவிட வேண்டும், பிறகு சூட்டில் உடைக்க முடியாது. கருப்பட்டிப் பாகையும் அதிலேயே ஊற்றிச் சிறு தீயில் வைத்துக் கிண்ட வேண்டியதுதான். நல்லெண்ணெய் மொத்தம் 175 மில்லி. ஒரேயடியாக ஊற்றக் கூடாது, களி குடிக்கக் குடிக்க விட வேண்டும். கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு உருண்டை வரும். உருண்டையின் நடுவில் குழித்து, அதில் இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட வேண்டும்.

இதிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. 2017 கோடை லீவில் ஆச்சி கிண்டும்போது பக்கத்தில் நின்றேன். விரலை வைத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே தீயைக் குறைத்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். துடுப்பை நிறுத்திவிட்டு, "பேசாம இரு, கேளு" என்றாள். சட்டிக்குள் முதலில் கொழகொழவென்று நனைந்த சத்தம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, அடியிலிருந்து குமிழ் ஒன்று மெதுவாக எழும்பி, "பொத்" என்று கனமாக உடைந்தது. அப்புறம் ஒரு இடைவெளி. மறுபடி "பொத்". "இந்த இடைவெளி வந்துட்டுன்னா இறக்கலாம். விரலெல்லாம் உன்னைய மாதிரி படிக்கிறவங்களுக்கு" என்றாள். அதை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது? போனில் பதிவு செய்துகொண்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தில், பதிவு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மட்டும் குறித்திருக்கிறேன். சமையலைப் பதிவு செய்கிறவர்கள் படம் எடுக்கிறார்கள், சத்தத்தை விட்டுவிடுகிறார்கள். தாளிப்பு, அரைப்பு, கொதி எல்லாவற்றுக்கும் காதுக்கணக்கு உண்டு.

சொதியில் வேறு பாடம். எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதிதான். பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், எல்லாம் தேங்காய்ப்பாலில். காய் வேகிறது மூன்றாம் பாலில், குழைத்த பருப்போடு சேர்ந்து கொதிக்கிறது இரண்டாம் பாலில். பச்சை மிளகாயும் இஞ்சியும்தான் காரம். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடவே கூடாது, ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் இறக்கி ஆறின பிறகுதான். சூட்டில் பிழிந்தால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். இவ்வளவு தேங்காய் செரிக்க இஞ்சி இல்லாமல் முடியாது.

பெரிய அத்தையின் மறுவீட்டில் முந்நூறு பேருக்கு வைத்த சொதி திரிந்துபோனது. இது நடந்தது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஏன் என்பதில்தான் இல்லை. முதல் பால் ஊற்றியதும் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட, எல்லோரும் வாசலுக்கு ஓட, அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது என்பது ஆச்சி சொல்வது. தாத்தா பழத்தைப் பிழிந்துவிட்டார், "ருசி பார்க்கிறேன்" என்று வந்து செய்த வேலை என்கிறாள் பெரிய அத்தை. அப்பா மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். நான் முதலில் எது உண்மை என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். மூன்று பேரையும் உட்காரவைத்துக் கேட்டதில் சண்டைதான் வந்தது. ஆச்சி இரண்டு நாள் எதுவும் சொல்ல மாட்டேன் என்று விட்டாள். என்னால் அவள் மனசு நொந்ததை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இப்போது மூன்றும் அவரவர் பேச்சிலேயே நோட்டில் இருக்கின்றன, அடுத்தடுத்து. சமையலுக்கு வேண்டிய எச்சரிக்கை இரண்டும் அந்தக் கதைகளிலேயே வந்துவிடுகிறது: தீ, பழம்.

யாருடைய கைப்பக்குவம் என்பதையும் கேளுங்கள். தை மாதத்தில் சிறுகிழங்கு வாங்கினால், சாக்கில் போட்டுத் தரையில் அடித்து அடித்துத் தோலை உரிப்போம். கத்தி வைத்தால் பாதிக் கிழங்கு போய்விடும். இதை நான் ஆச்சியின் வித்தை என்றே நினைத்திருந்தேன். "எனக்கு எங்க தெரியும்? நெல்லு அவிக்க வந்த அக்கா சொல்லித் தந்தது" என்றாள். அந்த அக்காவின் வீட்டை விசாரித்தேன். பேத்தி இருந்தார், நோட்டில் பாட்டி பெயரைப் போடச் சம்மதித்தார். அந்தக் கிழங்குப் பொரியல் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. குடும்பச் சமையல் என்று சொல்லிக்கொள்வதில் எத்தனை வெளிக் கைகள் இருக்கின்றன என்று கேட்டால்தான் தெரியும். கேட்காமல் விட்டால் அது பெரிய அநியாயம்.

இனி, எழுதாமல் விட்டவை.

சின்ன அத்தை ஒரு காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாள் எங்களோடு இருந்தாள். அந்த நாட்களில் ஆச்சி தினமும் அவளுக்காக ஒரு குழம்பு வைத்தாள். ஆச்சி சொன்னதிலேயே என்னை ரொம்ப உலுக்கிய கதை அதுதான். நான்கு பக்கம் எழுதி அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். காகிதத்தை மடித்து என் கையில் வைத்து, "குழம்பை எழுது. மத்தது வேண்டாம்" என்றாள். நல்ல எழுத்து, விட மனசு வரவில்லை. ஆனால் அந்த வாழ்க்கை அவளுடையது. கிழித்துவிட்டேன். நோட்டில் அந்தக் குழம்புக்கு அளவும் செய்முறையும் மட்டும். இங்கேயும் அதைச் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால், முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். மற்றவர்கள் பிறகு.

ஔவையார் நோன்பும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஆண்கள் எல்லோரும் தூங்கிய பிறகு பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாமல் பச்சரிசிக் கொழுக்கட்டை செய்வார்கள். ஆண்பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது, தின்னவும் கூடாது, கைக்குழந்தையானாலும் சரி. அங்கே சொல்லும் கதையும் அப்படியே. ஆச்சியிடம் எழுதவா என்று கேட்டேன். "எழுதினா உன் தம்பி படிப்பான்லா?" என்றாள். அவ்வளவுதான். நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் தேதி, அன்று கூடியிருந்த பதினொரு பெண்களின் பெயர், நிலா இருந்ததா இல்லையா என்ற குறிப்பு, வேறு ஒன்றும் இல்லை. மகளுக்கு வாயால்தான் சொல்லித் தந்தேன். இதை மூடநம்பிக்கை என்பவர்கள் உண்டு. எனக்கு அது பெண்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ராத்திரி. அதைத் திறந்துவைக்க எனக்கு உரிமை இல்லை.

2020 ஜூனில் மகள் வயதுக்கு வந்தாள். ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், ஆச்சிக்கு எண்பத்தொன்று. வர முடியாது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நானே கிண்டினேன். நாற்பது நிமிஷம் ஆச்சி போனிலேயே இருந்தாள். வீடியோவில் முகம் தெரியவில்லை என்று அத்தை சொல்லச் சொல்ல, "மூஞ்சி எதுக்கு? போனைச் சட்டி கிட்ட வை" என்றாள். வைத்தேன். இரண்டு பக்கமும் பேச்சில்லை. "இன்னும் நனைஞ்ச சத்தம்தான் கேக்கு. கிண்டு." கிண்டினேன். "ம். இப்ப இறக்கு." மகள் இரண்டு உருண்டை தின்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி அவளுக்கு நினைவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஆச்சி போய்விட்டாள். பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது நோட்டின் ஜெராக்ஸ் பிரதிகளை ஆளுக்கொன்று கொடுத்தேன். கொடுத்ததோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதியவரைத் தவிர வேறொருவர் சமைத்துப் பார்க்காமல் ஒரு குறிப்பை நம்பக் கூடாது என்று, பிரதிகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கோயம்புத்தூர் சித்தி இஞ்சித் துவையலில் புளி அளவு இல்லை என்றாள். உண்மைதான், நான் விட்டிருந்தேன். தோசை மிளகாய்ப்பொடியில் பெருங்காயம் கட்டியா தூளா என்று ஒருத்தி கேட்டாள். இப்படிப் பதினேழு திருத்தம் வந்தது. அவற்றை யார் சொன்னார்கள் என்ற பெயரோடு ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாசம் ஷார்ஜாவிலிருந்து தம்பி கூப்பிட்டான். குழந்தை பிறந்து ஒரு மாசம் ஆகியிருந்தது, மனைவிக்குக் களி கிண்டிக் கொடுக்கிறானாம். கருப்பட்டியும் உளுந்தும் அம்மா கொடுத்து அனுப்பியது. அளவெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறான், தராசுகூட வைத்திருக்கிறான். "விரலில் ஒட்டுற மாதிரியும் இருக்கு, ஒட்டாத மாதிரியும் இருக்குக்கா. இறக்கிரலாமா?"

"போனைச் சட்டி கிட்ட வைடா" என்றேன்.

வைத்தான். அங்கே ஏசி ஓடும் இரைச்சல், குழந்தை எங்கேயோ சிணுங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். கொழகொழவென்று கேட்டது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் கிண்டு" என்றேன்.